அடுப்பங்கரை ஹால்ட்

ஆடிச் சாரலில் ஊரெல்லாம் காளான் முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கரடிச்சோலை ரயில் பாதையும் வளர ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவள் நான். பார்த்ததை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "தண்டவாளம் வளராது சுலோ, வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், அது ஃபிசிக்ஸ்" என்றார்.

எனக்கும் கான்வென்ட்டில் ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள், சிஸ்டர் யூஜினி கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். நேற்று பஜார் ஓரத்து எலுமிச்சை மரத்துக்கு அந்தப் பக்கம் முடிந்துபோயிருந்த தண்டவாளம் இன்றைக்கு இந்தப் பக்கம் வந்து முடிந்தால் அதற்குப் பெயர் விரிவது இல்லை. ஆனால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பாலா ஃபிசிக்ஸா என்றால் நான் எப்போதும் பாலைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாதை ஒரு தேயிலைக் கம்பெனி போட்டது. ஃபேக்டரியிலிருந்து பஜார் வரைக்கும் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகப் போட்டது. அகலம் இரண்டடி, எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். கம்பெனி போய், லாரி வந்து, பாதை துருப்பிடித்துக் கிடந்தபோது, ஊர் ஆண்களெல்லாம் கூடிச் சிறுரயில் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தலைவர் பல் டாக்டர் சம்பந்தம், ஊரில் பிடுங்க வேண்டிய பல்லையெல்லாம் பிடுங்கி முடித்துவிட்டவர். கரி அள்ளிப் போடுவது பக்கத்து வீட்டு மெர்சியின் புருஷன் பெனடிக்ட், வீட்டில் ஒரு நாள்கூட கேஸ் சிலிண்டர் மாற்றித் தராத மனுஷர். டிரைவர் என் வீட்டுக்காரர் தேவராஜ், இன்சூரன்ஸ் ஆபீசில் ஆயுள் முழுக்க மற்றவர்கள் சாவைக் கணக்குப் போட்டவர், இப்போது ரிட்டையர் ஆகி முழு நேரமும் ஃப்ளோரா என்ற நீராவி எஞ்சினுக்குப் பாடுபடுகிறார். ஃப்ளோராவின் கொதிகலனில் அழுத்தம் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். என் பிரஷர் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் சேவை, யாரும் சம்பளம் வாங்குவதில்லை என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். நானும் மெர்சியும் வாரா வாரம் பிளாட்பாரத்தில் போண்டா போடுவதற்கும் யாரும் சம்பளம் தருவதில்லை, ஆனால் அதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் மகள் தாரணி பிறந்த அன்று என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்புக் கடைக்காரன் ஒருத்தனிடம் ஃப்ளோராவின் மணியைத் தேடிக்கொண்டிருந்தார். மணி கிடைத்தது. மூன்றாம் நாள் வந்து குழந்தையைப் பார்த்து, "நல்லா சத்தமா அழுவுது" என்றார், மணியைப் பற்றிச் சொன்ன அதே குரலில். அந்தத் தாரணிக்கு இப்போது வயிற்றில் பிள்ளை, கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, மாமியார் போட்டோவில் இருக்கிறார். நான் ஐப்பசியிலேயே போய் இருந்துகொள்கிறேன் என்றேன். "தை மாசந்தானே தேதி கொடுத்திருக்காங்க? மார்கழியில ரயில் விழா இருக்குல்ல, நீ இல்லாம எப்படி" என்றார். மனைவி இல்லாமல் எப்படி என்று கேட்கிற புருஷன் என்று ஊர் நினைக்கும். அவர் கேட்டது போண்டா இல்லாமல் எப்படி.

பாதை வளர்ந்துகொண்டே இருந்தது. வளர்வது எப்போதும் மத்தியானத்தில்தான், ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கும்போது. ஒரு கட்டை முளைக்கும், அதன் மேல் இரண்டு பக்கமும் தண்டவாளம் கொடி மாதிரி நீளும், நுனி மட்டும் மாந்தளிர் மாதிரி சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. ரேஷன் கடை வாசலைக் குறுக்கே கடந்தபோது வரிசை இந்தப் பக்கம் அரிசிக்கு, அந்தப் பக்கம் சர்க்கரைக்கு என்று தானாகப் பிரிந்துகொண்டது. மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு கட்டைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். பஞ்சாயத்து ஆபீஸ்காரர் வந்து பார்த்து, வளர்கிற ஆக்கிரமிப்புக்கு எங்கள் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். பாதை தங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லையே என்று மேலத்தெருவில் இரண்டு குடும்பம் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டது, அதில் ஒரு வீட்டம்மா நுனியை இழுக்க மோரெல்லாம் ஊற்றிப் பார்த்தாள். ஏன் வளர்கிறது என்று கேட்டவர் யாருமில்லை. எங்கே போகிறது என்றும் யாரும் கேட்கவில்லை. வளர்கிற ஒரு பொருளை ஆண்கள் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு நேரமில்லை, நானும் கேட்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றப் போகும்போது வழியில் இந்த நுனி வாடின மாதிரிக் கிடந்தது, பாதித் தண்ணீரை அதற்கு ஊற்றினேன். அடுத்த நாளும் ஊற்றினேன். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

புரட்டாசி முடியும்போது அது என் சமையலறைக்குள் வந்தது. சுவர் இடியவில்லை. மாதாந்திரச் சாமானோடு வருகிற பையனுக்குக் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி, செங்கல் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. அடுப்பு மேடைக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் நடுவே பாதை ஓடி, பின்சுவரும் ஒதுங்கி, கொல்லை வழியாக மலைச்சரிவைப் பார்த்து நின்றது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்த ஒரு அறை. அங்கே ஒரு ஸ்டூல் போட்டு, யாரும் கூப்பிடாத பதினைந்து நிமிஷம் காபி குடிப்பேன். அந்த ஸ்டூல் இருந்த இடத்தில் ஸ்லீப்பர் கட்டை.

"தேவராஜ், நீங்க கொடுத்துவச்ச ஆளு" என்றார் பல் டாக்டர், என் சமையலறையில் ஷூவோடு நின்றுகொண்டு. "உலகத்துல எந்த ரயிலும் வீட்டுக்குள்ள போகாது. விழாவுக்கு இதுதான் ஹைலைட்."

"நான் எங்க நின்னு சமைக்கிறது டாக்டர்?"

"இங்கதான் மேடம். நீங்க சமைக்கணும், வண்டி போகணும், அதான் அழகே."

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் அடுப்பங்கரை ஹால்ட் என்று எழுதி மிக்ஸிக்கு மேலே ஆணி அடித்தார்கள். கொல்லைக்கு அப்பால் சரிவு தொடங்குகிற இடத்தில் ஒரு மேடை கட்டி வியூ பாயின்ட் என்று பெயர் வைத்தார்கள். அதோடு ஆண்களின் ஆர்வம் முடிந்துவிட்டது. நுனி அதற்குப் பிறகும் சரிவில் இறங்கிப் போனதைப் போய்ப் பார்த்துவிட்டு, "கீழ ஒண்ணுமில்ல, வெறும் பள்ளம்" என்றார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில், மேக மப்பு இல்லாத நாளில், கோயம்புத்தூர் தெரியும்.

இனி வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வண்டி வந்து மோதாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பகுதிக்கு ஒரே ஒரு பிரம்பு வளையம், அதில் பித்தளைத் தகடு ஒன்று தொங்கும். வளையம் யார் கையில் இருக்கிறதோ அந்தப் பகுதி அவர்களுடையது. வளையம் இல்லாமல் டிரைவர் சக்கரத்தை ஓர் அங்குலம் உருட்டக் கூடாது, முன்னாலும் கூடாது பின்னாலும் கூடாது. பாதையில் ஓடுவது ஃப்ளோரா ஒன்றுதான், அதோடு மோத ஒரு மாட்டு வண்டிகூடக் கிடையாது. அதனால் என்ன, எங்கள் வீட்டு ஆண்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம் தொடங்குமுன் நின்று இந்த விதியை ஒன்றாகச் சொல்வார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம் சொன்ன மாதிரி. இதற்காக ஒருமுறை வளையத்தை வீட்டில் மறந்துவிட்டு, மழையில் ஒன்றரை மணி நேரம் பயணிகளோடு நின்றிருக்கிறார் என் வீட்டுக்காரர். அதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்வார்.

இப்போது பாதை நீண்டுவிட்டதால் இரண்டு பகுதியாக்கினார்கள், பஜாரிலிருந்து என் சமையலறை வரை ஒன்று, அங்கிருந்து வியூ பாயின்ட் வரை இன்னொன்று. வண்டி சமையலறையில் நின்று, வந்த பகுதியின் வளையத்தைக் கொடுத்துவிட்டு, போகிற பகுதியின் வளையத்தை வாங்க வேண்டும். வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். எஞ்சினை விட்டு இறங்க ஒருத்தருக்கும் மனசில்லை. பொதுக்குழுவில் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், பிறகு பல் டாக்டர், "நம்ம மேடம் எப்படியும் அங்கயேதானே இருக்காங்க" என்றார். கை தட்டினார்கள். எனக்கு ஒரு பச்சைப் பட்டை கொடுத்தார்கள், நைட்டிக்கு மேலே போட வேண்டாம், சேலை கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

"அக்கா, பதவியெல்லாம் குடுத்திருக்காங்க" என்றாள் மெர்சி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"ஆமா, கரண்டிக்குப் பக்கத்துல தொங்குது பாரு பதவி."

"எங்க வீட்டு ஆளு சொல்லுது, வளையம் குடுக்கறதுக்கு மூளை வேண்டாமாம், கை இருந்தாப் போதுமாம்."

"உங்க வீட்டு ஆளு கரி அள்ளறதுக்கு என்ன வேணுமாம்?"

மெர்சி சிரித்ததில் வெங்காயம் தரையெல்லாம் உருண்டது.

அரையாண்டு லீவில், மார்கழி இரண்டாவது சனிக்கிழமை, ரயில் விழா வந்தது. மலைப்பாதையில் நெரிசல் ஆகும் என்று சங்கம் போய்க் கேட்டுக்கொண்டதால், ஞாயிறு சாயங்காலம் வரை வண்டிகள் மேலே ஏறலாம், கீழே இறங்கக் கூடாது என்று போலீஸ் போர்டு வைத்துவிட்டது. ஃப்ளோராவுக்கு வாழைமரம் கட்டி, மூக்கில் சாமந்தி மாலை போட்டார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காமிராவும் முக்காலியுமாக ஆண்கள் வந்து இறங்கினார்கள், தரையில் படுத்துச் சக்கரத்தைப் படம் எடுத்தார்கள், பெண்டாட்டிகள் காருக்குள் உட்கார்ந்து குழந்தைகளுக்கு வாந்திப் பை பிடித்தார்கள். என் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. வண்டி உள்ளே வரும்போதெல்லாம் புகைபோக்கி உத்தரத்தை நக்கிக்கொண்டு போகும், தாளிக்கிற வாசனையும் கரி வாசனையும் ஒன்றாகும், சாம்பல் சட்னியில் இறங்கும், சட்னி ருசியாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். தொப்பி போட்ட ஒருத்தர், "மேடம், அந்த இட்லிக் குண்டானை இன்னொருவாட்டி திறங்க, எஞ்சின் ஆவியும் இட்லி ஆவியும் ஒரே ஃப்ரேம்ல வரணும்" என்றார். திறந்தேன். "கொஞ்சம் சிரிங்க." அதற்கு நான் பார்த்த பார்வையும் அந்தப் படத்தில் விழுந்திருக்கும்.

பதினோரு மணிக்குத் தாரணி போன் பண்ணினாள்.

"அம்மா, இடுப்பு வலிக்குது. வேற மாதிரி வலிக்குது."

"எப்பயிருந்து?"

"காலைலயிருந்து. நீ வேலையா இருப்பன்னுதான் சொல்லல." அப்புறம் குரல் சின்னதானது. "மாடி வீட்டு ஆன்ட்டி ஆட்டோ கூப்பிடறாங்க. நீ வந்தப்புறம்தாம்மா நான் உள்ள போவேன். தனியா போகமாட்டேன்."

தனியாகப் போவது எப்படி இருக்கும் என்று அவள் பிறந்த அன்றைக்கே தெரிந்துகொண்டவள் நான். போகாதே, வருகிறேன் என்றேன்.

டாக்ஸி ஸ்டாண்டுக்கு மெர்சி போன் போட்டாள். சிரித்தார்கள். கீழே இறங்க ஞாயிறு சாயங்காலம் வாங்கம்மா என்றார்கள்.

அப்போதுதான் மத்தியான ஓட்டத்து வண்டி உள்ளே வந்தது. பெட்டி நிறைய ஜனம், கூரையில் பலூன், எஞ்சினில் என் வீட்டுக்காரர் நீல உடையும் சிவப்புக் கழுத்துத் துணியுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஃப்ளோரா என் அடுப்பு மேடையை உரசிக்கொண்டு நின்றாள். விதிப்படி, வந்த வளையத்தை என் தோளில் மாட்டினார். விதிப்படி, போகிற வளையத்துக்குக் கையை நீட்டினார்.

"தாரணிக்கு வலி வந்துருச்சுங்க."

"தைன்னாங்க?"

"குழந்தைக்குத் தேதி தெரியாது. ரோடு மூடிக் கிடக்குது. இந்தப் பாதை கீழதான போகுது, என்னை ஏத்திக்கிட்டு அப்படியே இறங்குங்க."

அவர் பெனடிக்டைப் பார்த்தார், பெனடிக்ட் பிரஷர் முள்ளைப் பார்த்தார்.

"வியூ பாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் ஆகல சுலோ. திறக்காத பாதையில பாசஞ்சர் வண்டி போக முடியாது, அது ரூல். முதல் பிரசவம், எப்படியும் நேரம் ஆகும், நாளைக்கு விழா முடிஞ்சதும் ரெண்டு பேரும் கார்ல போயிரலாம். வளையத்தைக் குடு, பின்னாடி ஜனங்க காத்துட்டிருக்காங்க."

நீட்டிய கையைப் பார்த்தேன். சுத்தமான கை, கரி படாமல் இருக்கக் கையுறை போட்ட கை. ஒரு தோளில் வந்த வளையம், சுவரில் கரண்டிக்குப் பக்கத்தில் போகிற வளையம். அடுப்பை அணைத்தேன். சுவரிலிருந்ததை எடுத்து அடுத்த தோளில் மாட்டிக்கொண்டேன். ஹேண்ட்பேக், ஃபிளாஸ்க், போன வாரம் கிழித்துத் தைத்து வைத்த பழைய வேட்டித் துணிகள், அவ்வளவுதான் எடுத்துக்கொண்டேன். எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் சேலையை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து, பின்பக்கம் வெளியே வந்து பாதையில் நடக்க ஆரம்பித்தேன்.

"மேடம், ரூல்படி அது..." என்று பல் டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ரூல்படிதான் டாக்டர். என் கையில இருக்குது, பாதை எனது."

"அக்கா, மாவை நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றது மெர்சியின் குரல். பிறகு அவளே, "மாவு எதுக்கு இனிமேல்" என்றாள், கரண்டி தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

கொல்லை தாண்டும் வரை ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். நில்லு, நானும் வர்றேன், என்று ஒரு சத்தம். எஞ்சினிலிருந்து குதித்து ஓடிவர அந்த மனுஷருக்கு இரண்டு கால் இருந்தது. சத்தம் வந்தது.

"சுலோ, வளையம். வளையத்தைக் குடுத்துட்டுப் போ."

அதற்குப் பிறகு விசில் மட்டும்தான். நீளமாக, விட்டுவிட்டு, பால் கேட்கிற குழந்தை மாதிரி.

வியூ பாயின்ட் தாண்டியதும் பாதை எனக்கு முன்னால் போக ஆரம்பித்தது. நான் கால் எடுத்து வைக்க அடுத்த கட்டை முளைத்தது, நான் வேகமாக நடந்தால் வேகமாக முளைத்தது, சோலைக்குள் அட்டை இல்லாத பக்கமாக வளைந்தது, கொண்டை ஊசித் திருப்பங்களை ரோட்டுக்கு விட்டுவிட்டு நேராக இறங்கியது. ரோட்டில் கார்கள் மேலே ஏற முடியாமல் வரிசையாக நின்றன, ஜன்னலை இறக்கி, "அம்மா, ரயில் எப்ப வரும்?" என்று கேட்டார்கள். வராது என்றேன், நம்பவில்லை, காமிராவைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். மூச்சு வாங்கியபோது ஒரு கட்டை மட்டும் ஸ்டூல் உயரத்துக்கு முளைத்தது. ஃபிளாஸ்கிலிருந்து ஒரு மடக்கு காபி குடித்தேன். மலையிலிருந்து கோயம்புத்தூர் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், காரில் போனாலே மூன்று மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயக்கூட இல்லை. பாதை விரிந்ததா தூரம் சுருங்கியதா என்று ஃபிசிக்ஸ் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் பாதை நுழைந்தபோது வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு வந்தார். "வண்டியெல்லாம் உள்ள விடக் கூடாதும்மா, வெளிய நிறுத்துங்க."

"வண்டி இல்லைங்க, நான் மட்டுந்தான்."

"அப்ப செருப்பை மட்டும் கழட்டி விட்டுட்டுப் போங்க."

பிரசவ அறை வாசலில், கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நர்சுகள் திட்டத் திட்ட உள்ளே போகாமல் தாரணி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டத்தை விட்டாள், என் தோளில் இருந்த வளையங்களைப் பிடித்துக்கொண்டாள். "இது என்னம்மா?" என்றாள். "உங்கப்பா கொடுத்தது, கெட்டியா பிடிச்சுக்கோ" என்றேன். அந்தப் பிரம்பு தாங்கியது. பெண் குழந்தை.

சாயங்காலம் அவர் போன் பண்ணினார். தாரணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் ஸ்பீக்கரில் போடலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தேன். காதிலேயே வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

"வளையம் பத்திரமா இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன். வைத்துவிட்டேன்.

"அப்பா என்ன சொன்னாரு?" என்றாள் தாரணி.

"கேட்டாரு" என்றேன்.

ஃப்ளோரா இன்னும் அங்கேதான் நிற்கிறது, எஞ்சின் பாதி சமையலறையில், பாதி கொல்லையில், பெட்டிகள் வாசலைத் தாண்டித் தெருவில். முன்னால் போக வளையம் இல்லை, பின்னால் போகவும் வளையம் இல்லை. யாராவது நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டினால் நகர்ந்துவிடும், அதைத் தட்ட அந்தச் சங்கத்தில் ஓர் ஆம்பளை கிடையாது. ஊர் அதற்கும் பழகிவிட்டது. ரேஷன் வரிசை இப்போது பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. பல் டாக்டர் அதை உலகின் முதல் நின்ற ரயில் அருங்காட்சியகம் என்று அறிவித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கூடி நின்று விதியைச் சொல்கிறார்களாம், முன்னைவிடப் பக்தியாக. மெர்சி போண்டா போடுவதை விட்டுவிட்டாள், பெனடிக்ட் வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் எஞ்சினிலேயே படுத்துக்கொள்கிறார், டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறதாம். மலையிலிருந்து இறங்கிவந்த பாதை மட்டும் நுனி சிவந்து, கோயம்புத்தூரில் நான் இப்போது இருக்கிற தாரணி வீட்டுக் கொல்லை வரை வந்து நிற்கிறது. அரிசி களைந்த தண்ணீரை நான் இப்போது முழுக்கக் கறிவேப்பிலைக்கே ஊற்றுகிறேன்.

வளையங்கள் தொட்டிலுக்கு மேலே தொங்குகின்றன. பித்தளைத் தகடு காற்றில் ஆடினால் குழந்தை கையை நீட்டும், அவள் தாத்தா நீட்டிய அதே மாதிரி, விரலை விரித்து, எதிரே நிற்பது யார் என்று பார்க்காமல். அதற்கு ஐந்து மாதம் ஆகிறது, அதற்கு அப்படித்தான் நீட்டத் தெரியும்.

வாரா வாரம் போன் வருகிறது. வளையம் ஈரத்தில் இல்லையே என்கிறார், பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்காதே என்கிறார். குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, நல்ல பெயர், ஊரில் எல்லாரும் என்ன பெயர் என்று கேட்டுவிட்டார்கள், மெர்சி கேட்டாள், பல் டாக்டர்கூடக் கேட்டார். என்றைக்கு அவர் கேட்கிறாரோ அன்றைக்கு ஒரு வளையத்தை அனுப்பிவைக்கலாம் என்று இருக்கிறேன். பின்னால் போவதற்கானதை.